பெண்களுக்கு மட்டும், அடிப்படையிலிருந்து

"குட் மார்னிங். மை நேம் இஸ் விஜி. வாட் இஸ் யுவர் நேம்?"

போனிலிருந்து குரல் வந்ததும் முத்துப்பேச்சியின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. காபி தரையில் ஓடி உக்கிரபாண்டியின் வேட்டி ஓரத்தை நனைத்தது.

"ஏட்டி, கை அழுகியா போச்சு? மிஸ்ஸு பேரு கேக்குதுல்லா, சொல்லு!" என்று அவர் அதட்டினார்.

போன் ஸ்பீக்கரில் போட்டு டீப்பாய் மேல் கிடந்தது. அதற்கு நேர் மேலே சுவரில் மகள் பாண்டிசெல்வியின் படம். படத்துக்குச் சந்தன மாலை, குங்குமப் பொட்டு, ராப்பகலாக எரியும் சிவப்பு சீரோ வாட் பல்பு. அடியில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். மறைந்தவளின் குரல்தான் கீழே போனிலிருந்து, "வாட் இஸ் யுவர் நேம்?" என்று இரண்டாம் தடவையும் கேட்டது.

பேய், பிசாசு என்று யாரும் பயப்பட வேண்டாம். அந்தப் பெண் சாகவே இல்லை. சேத்தூரில் அது தெரியாத ஆள் கிடையாது. தெரிந்துகொண்டேதான் ஊர் கூடி அழுதது.

போன வருஷம் சித்திரையில் நடந்த சங்கதி இது. எம்.ஏ. இங்கிலீஷ் படித்து, ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த பாண்டிசெல்வி, ஜெபக்குமார் என்ற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டாள். ரத்தம் பரிசோதிக்கிற லேபில் அவனுக்கு வேலை. குடிக்க மாட்டான், பொய் பேச மாட்டான். ஆனால் காலனிக்காரன். வேறென்ன குற்றம் வேண்டும்? மறுநாள் விடிந்தபோது சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போர்டு நின்றது. கல்யாணத் தேதிதான் அதில் மறைவுத் தேதி. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அண்ணன் சதீஷ்தான் தங்கச்சியின் படத்தைத் தேடி எடுத்து போர்டுக்கு அனுப்பினான். சிரிக்கிற படமாகப் பார்த்து அனுப்பியிருந்தான், நல்ல அண்ணன்.

துட்டி கேட்க ஜனம் வந்தது. பிணமே இல்லாத வீட்டில் பொம்பளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பெற்றவளை முற்றத்தில் உட்காரவைத்து, தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு குடத்துக்கும் "எனக்கு மக இல்லை" என்று சொல்ல வைத்தார்கள். முத்துப்பேச்சி சொன்னாள். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பதினாறாம் நாள் உக்கிரபாண்டி மொட்டை போட்டுக் கருமாதி செய்தார். பாயசம் வரை சாப்பிட்டு எழுந்த ஒரு பெரிய மனுசர் ஏப்பம் விட்டபடி, "போர்டுல போட்டது பொய்யாயிரக் கூடாது மாப்ளே, பாத்துக்கோ" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முத்துப்பேச்சியின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், மகளைத் தேடித்தான் ஆள் கிளம்புகிறதோ என்று வாசலுக்கு ஓடிப் பார்ப்பாள். அமாவாசைக்கு அமாவாசை படத்துக்கு முன்னால் இலை போட்டு, மகளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கூட்டும் அப்பளமும் வைத்து, பிறகு மொட்டை மாடியில் காக்காய்க்குச் சோறு வைக்க வேண்டும். அவள் சோற்றை வைப்பாள். காக்காய் வந்ததும் முந்தானையை வீசி விரட்டுவாள்.

"போ சனியனே! அவ நல்லாருக்கா. நீ எதுக்கு வாரே?"

காக்காய் எடுத்துவிட்டால் மகள் செத்தது நிசமாகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். ஊரார் வீட்டில் காக்காய் எடுக்கவில்லையே என்று அழுவார்கள். இவள் வீட்டில் எடுத்துவிடக் கூடாதே என்று அழுகை. மகளிடமிருந்து எந்தச் சேதியும் இல்லை. முத்துப்பேச்சியின் போனை அப்போதே பிடுங்கி பீரோவில் பூட்டியாயிற்று. கோயிலுக்குப் போனாலும் கூட ஒரு ஆள். மகள் போன வீட்டில் தாயும் கைதிதான்.

இப்படிக் கிடந்தவளுக்கு இங்கிலீஷ் எதற்கு? அது உக்கிரபாண்டியின் கௌரவத்துக்கு. சதீஷுக்கு மதுரையில் ஒரு சம்பந்தம் திகைந்து வந்தது. பெண்ணின் அப்பா சேதுபதியும் அம்மா அனுசியாவும் மஸ்கட்டில் இருபது வருஷம் இருந்து திரும்பியவர்கள். சொந்த ஜனம்தான், ஆனால் வாயைத் திறந்தால் பாதி இங்கிலீஷ். வைகாசியில் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அவுக வந்த எடத்துல நீ பேந்தப் பேந்த முழிச்சிக்கிட்டு நிக்கக் கூடாது. நாலு வார்த்த பேசப் படிச்சுக்கோ" என்றார் உக்கிரபாண்டி. அவருக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்பு. ஐம்பது ஏக்கர் தென்னையும் மாவும் இருக்கிறவருக்கு அது போதும் என்று அவர் எண்ணம். பேப்பரோடு வந்த ஒரு நோட்டீஸை அவரே எடுத்து வைத்திருந்தார்: 'போன் மூலம் இங்கிலீஷ். பெண்களுக்கு மட்டும். அடிப்படையிலிருந்து.' பெண்களுக்கு மட்டும் என்பதுதான் அவரை இழுத்தது. அவரே தன் நம்பரிலிருந்து மெசேஜ் போட்டு, அவரே பணமும் கட்டினார். தினம் காலை ஏழு மணிக்குக் கால் மணி நேரம்.

எந்த மகளுக்குக் கருமாதி செய்தாரோ, அந்த மகளிடமே பெண்டாட்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். விதி என்று சொல்வதா, வினை என்று சொல்வதா?

விஜி என்று பேரை மாற்றிக்கொண்டு அந்த வகுப்பை நடத்தியவள் பாண்டிசெல்வி; மெசேஜ் வந்த அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா நம்பர் அவளுக்கு மனப்பாடம். மாட்டிக்கொண்டோம் என்றுதான் முதலில் நடுங்கினாள். பிறகு 'என் வீட்டம்மாவுக்கு' என்று கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அந்த மெசேஜை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபக்குமார் வேண்டாம் என்றான். "எங்கம்மா குரலக் கேட்டு பத்து மாசமாச்சுங்க" என்றாள் அவள்.

"மை நேம்..." என்று முத்துப்பேச்சி ஆரம்பித்தாள். பிறகு முழுசாகச் சொன்னாள். "மை நேம் இஸ் முத்துப்பேச்சி."

"நைஸ் டு மீட் யூ, முத்து மேடம்" என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மேடம் என்கிற சொல்லில் மட்டும் கொஞ்சம் நடுக்கம்.

உக்கிரபாண்டி தலையை ஆட்டினார். "மிஸ்ஸுக்கு நல்ல குரலுட்டி. கணீர்னு மணி மாதிரி இருக்கு."

பெற்ற அப்பனுக்கா மகள் குரல் தெரியவில்லை என்று கேட்கலாம். இருபத்து நாலு வருஷத்தில் அவர் முன்னால் அந்தப் பெண் பேசியது என்ன? "சரிப்பா." "இல்லப்பா." அதுவும் தரையைப் பார்த்து. பொட்டப்பிள்ளை சத்தம் வாசலுக்குக் கேட்கக் கூடாது என்று வளர்த்த வீட்டில், அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த நாள் முதல் முத்துப்பேச்சி ஆறு மணிக்கே குளித்து, பொட்டு வைத்து, டீப்பாய் முன்னால் உட்கார்ந்தாள். அவர் பக்கத்திலேயே காவல் இருப்பார். காவல் இருக்கிறவனுக்குப் பாடம் எங்கே ஏறும்? பேப்பரைப் புரட்டுவார், இன்னொரு போனில் போர் மோட்டார்காரனைத் திட்டுவார். அந்தச் சத்தத்துக்கு நடுவே தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

"ஹவ் ஆர் யூ?"

"ஐ ஆம் ஃபைன். ஹவ் ஆர் யூ, மிஸ்?"

"ஐ ஆம் வெரி வெரி ஃபைன்."

உலகத்தில் ஆயிரம் பேர் தினமும் அர்த்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தைகள்தான். இவளுக்கு ஒவ்வொன்றும் உயிர் வந்த மாதிரி. நல்லாயிருக்கிறாளாம், ரொம்ப நல்லாயிருக்கிறாளாம்! அன்றைக்கு அடுப்படியில் அவள் தன்னையறியாமல் சிரித்தாள். 'ஹேவ் யூ ஈட்டன்?' என்றால் சாப்பிட்டாயா என்று தெரிந்த நாளில், அதை நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் "எஸ், ஐ ஹேவ் ஈட்டன்" என்று பதில் வந்தது. வகுப்பு முடியும்போது மிஸ் சொல்கிற "சீ யூ டுமாரோ" மட்டும் அவளைக் கொன்றுபோட்டது. நாளைக்குப் பார்ப்போமாம். யார் யாரைப் பார்க்கிறது?

மருமகன் எப்படிப்பட்டவன் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க வார்த்தை வேண்டுமே! அதற்காகவே வெறிபிடித்த மாதிரிப் படித்தாள். அரிசிச் சாக்கில் இருந்த எழுத்து, மருந்து அட்டையில் இருந்த எழுத்து, எதையும் விடவில்லை. மூன்று வாரத்தில், "யுவர் ஹஸ்பண்ட் குட்?" என்று கேட்டுவிட்டாள்.

"ஹி இஸ் குட். ஹி மேக்ஸ் டீ ஃபார் மீ."

ஆம்பளை, பெண்டாட்டிக்கு டீ போடுகிறானாம். முத்துப்பேச்சி முப்பது வருஷமாக இந்த வீட்டில் டீ போடுகிறவள். அவளுக்கு அழுகையும் வந்தது, பொறாமையும் வந்தது. 'வேர் டு யூ லிவ்?' என்ற பாடம் வந்த அன்று மட்டும் இருவருக்கும் மூச்சு நின்றது. "நியர் எ பிக் டெம்பிள். வெரி பிக் டவர்" என்று மட்டும் சொன்னாள் மிஸ். பெரிய கோபுரம் என்றால் இந்தப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தவிர வேறு எது? ஒரு மணி நேர பஸ் தூரத்தில்தான் இருக்கிறாள். தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இவ்வளவு பக்கத்திலா இருக்க வேண்டும் பாவி மக?

பிறகு ஒரு நாள் 'ஐ ஆம் சாரி' வந்தது.

"ஐ ஆம் சாரி" என்றாள் மிஸ். திருப்பிச் சொல்ல வேண்டும்.

"ஐ ஆம் சாரி" என்றாள் முத்துப்பேச்சி.

"குட். நெக்ஸ்ட்..."

"ஐ ஆம் சாரி. ஐ ஆம் சாரி, மிஸ். ஐ ஆம் சாரி."

தலையில் ஊற்றிய மூன்று குடம் தண்ணீரும் அப்போதுதான் கண் வழியாக வெளியே வந்தது. அந்தப் பக்கம், "இட்ஸ் ஓகே" என்றது குரல். "இட்ஸ் ஓகே, மேடம். டோன்ட் க்ரை."

"ஒரு தடவ சொன்னாப் போதாதா? அதுக்கு எதுக்குட்டி அழுகை?" என்று உக்கிரபாண்டி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உச்சரிப்பு வரல. அதான்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாசி முடிகிற நேரத்தில் மிஸ் ஒரு வாக்கியம் சொல்லி எழுதச் சொன்னாள். "ஐ ஆம் நாட் அலோன். வீ ஆர் த்ரீ." நான் தனியாக இல்லை, நாங்கள் மூன்று பேர். முத்துப்பேச்சி அன்று முழுக்கக் கணக்குப் போட்டாள். மகள் ஒன்று, மருமகன் இரண்டு. அவனுக்குத் தாய் தகப்பன் கிடையாது என்று ஊரில் பேசிக்கொண்டார்களே. மூணாவது ஆரு? சாயங்காலம் சாம்பாரைக் கிண்டும்போது கரண்டி அப்படியே நின்றது. அடி ஆத்தீ! சாம்பார் பொங்கி அடுப்பை அணைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள், "வென்?" என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

"மே. லாஸ்ட் வீக்" என்றாள் மிஸ்.

அதற்குப் பிறகு முத்துப்பேச்சிக்கு வேறு நினைப்பே இல்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பார்கள். ஏழாம் மாதம் கை நிறைய வளையல் அடுக்கி அழைத்துவர வேண்டியவள், மாலை போட்ட படத்துக்குத் தினமும் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சீர் வேண்டாம், வளையல் வேண்டாம். வலி எடுக்கிற நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒன்று மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள்.

வீடு பார்க்க வருகிற நாளும் அந்தக் கடைசி வாரத்தில்தான் அமைந்தது, புதன்கிழமை. அன்று காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. பதிலுக்கு ஒரு குரல் மெசேஜ் வந்தது. உக்கிரபாண்டியே அதைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"டியர் ஸ்டூடன்ட்ஸ், நோ கிளாஸ் டுடே. ஐ ஆம் இன் த ஹாஸ்பிடல்." நடுவே மூச்சை இழுத்துப் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"என்னட்டி சொல்லுது?"

"மிஸ்ஸுக்கு மேலுக்கு முடியலையாம். இன்னைக்கு லீவு" என்றாள். தேங்காய் மூடியைச் சிரட்டை தெரியும்வரை துருவினாள்.

"போகுது. நீ படிச்சது போதும். இன்னைக்குக் கலக்கிப்புடணும் பாத்துக்கோ."

வடை சுட்டாள், அவியல் செய்தாள், பாயசம் காய்ச்சினாள். கை ஏதோ செய்தது. காது முழுக்க அந்தப் பல் கடிக்கிற சத்தம். எங்கே ஓடுவது? வாசலில் அவர் நிற்கிறார். பரிமாறவென்று வந்த சொந்தக்காரப் பொம்பளைகள் இரண்டு பேர் கூடவே ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்கினார்கள். சேதுபதி தோப்பைப் பற்றிக் கேட்டார். அனுசியா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஹாலுக்கு வந்ததும் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"மதினி, ஹூ இஸ் திஸ்?"

உக்கிரபாண்டி துள்ளிக்கொண்டு வந்தார். "அது நம்ம பொண்ணு. போன வருசம் டெங்குல... ஏ முத்து, நீயே சொல்லேன். இங்கிலீசுலயே சொல்லு. வீட்டம்மா இப்ப நல்லாப் பேசுதாக, சம்பந்தி. மிஸ்ஸு வச்சுப் படிச்சாக."

ஹாலில் எல்லோரும் முத்துப்பேச்சியைப் பார்த்தார்கள். மஸ்கட் வரைக்கும் போய் வந்தவர்கள், படித்தவர்கள், நாலு ஜனங்களோடு பழகியவர்கள். இவர்கள் கேட்டால் அந்த மனுசன் தலை குனிவார். இவர்களாவது 'இது என்னய்யா அநியாயம்' என்று ஒரு வார்த்தை சொல்லுவார்கள். 'வாங்க மதினி, காரில் ஏறுங்க' என்றுகூடச் சொல்லிவிடலாம். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவள் பேசினாள்.

"ஷி இஸ் பாண்டிசெல்வி. ஷி இஸ் நாட் டெட்."

டெட் என்ற ஒரு வார்த்தை உக்கிரபாண்டிக்குப் பிடிபட்டது. உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "ஆமா, டெட்டு... சின்ன வயசு" என்று தலையை ஆட்டினார்.

"ஷி மேரீட் எ குட் மேன்" என்று முத்துப்பேச்சி நிறுத்தாமல் சொன்னாள். "தே டோல்ட் ஆல் பீப்பிள், ஷி இஸ் டெட். இட் இஸ் எ லை. டுடே ஷி இஸ் இன் பெயின். ஐ வான்ட் டு கோ. ப்ளீஸ் ஹெல்ப் மீ."

ஒரு தப்பில்லாமல் சொன்னாள். கற்றுக்கொடுத்தவள் கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள். உக்கிரபாண்டியின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சம்பந்திமாரைப் பார்த்தார்.

சேதுபதி தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அனுசியா முத்துப்பேச்சியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நல்ல மிருதுவான கை. சிரித்த முகம் மாறாமல் சொன்னாள்.

"வீ நோ, மதினி. எவ்ரிபடி நோஸ். யூ பீப்பிள் டிட் த ரைட் திங். அதர்வைஸ், வீ வுட் நாட் கம் ஹியர்."

எங்களுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், நீங்கள் செய்ததுதான் சரி, இல்லையென்றால் நாங்கள் இந்த வீட்டு வாசலையே மிதித்திருக்க மாட்டோம். ஒரு சொல்கூட விடாமல் முத்துப்பேச்சிக்குப் புரிந்தது. மகள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். பாஷை வேறு என்றால் மனசும் வேறாக இருக்கும் என்று மூன்று மாதமாக நம்பியிருந்தாளே, அந்த நம்பிக்கை அந்த மெத்தென்ற கைக்குள்ளேயே செத்தது.

"என்ன சொல்லுதாக?" என்று உக்கிரபாண்டி ஆவலாகக் கேட்டார்.

"பொண்ணு இறந்ததைப் பத்திச் சொன்னாங்க அண்ணே. ஆறுதல் சொன்னேன். மதினி ரொம்ப நல்லாப் பேசுறாங்க" என்றாள் அனுசியா, சுத்தமான தமிழில்.

இலை போட்டார்கள். சம்பந்திமார் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி. சேதுபதி முதல் கவளத்தை வாயில் வைத்ததும் உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. முத்துப்பேச்சி சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சப்பையில் இரண்டு பழைய நூல் சேலைகளைத் திணித்துக்கொண்டு வந்தாள். குழந்தையைத் துடைத்துப் போர்த்த, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சேலைதான் வேண்டும்.

"இந்தாங்க, நான் மிஸ்ஸப் பாக்கப் போறேன்."

உக்கிரபாண்டியின் வாயில் பாதி வடை. "எந்த மிஸ்ஸு?"

"எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவ. ஆஸ்பத்திரில கெடக்கா. கூட ஆளு இல்ல."

"இப்பவா? விருந்தாளுக இருக்கையில..." அவர் கண்ணை உருட்டினார். மற்ற நாளாக இருந்தால் செம்பு பறந்திருக்கும். எதிரே புதுச் சம்பந்தி. இலையில் பாதிச் சோறு.

சேதுபதி ரசத்தை உறிஞ்சியபடி, "குருபக்தி! இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு? போயிட்டு வரட்டுமே" என்றார். அவருக்குப் புரிந்துதான் சொன்னாரா, சோறு ருசியில் சொன்னாரா, அது அவருக்கே வெளிச்சம். அதற்கு மேல் உக்கிரபாண்டி என்ன செய்வார்? பல்லைக் காட்டிச் சிரித்தார். "அதுக்கென்ன, போயிட்டு வரட்டும். அவளுக்கு மிஸ்ஸு மேல அம்புட்டுப் பிரியம்."

அனுசியா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "மதினி, வேர் ஆர் யூ கோயிங்?"

"டு ஹெர்" என்றாள் முத்துப்பேச்சி. "யூ ஈட்."

வாசலைத் தாண்டினாள். பின்னால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு தனியாகத் தெருவில் நடக்கிறாள். தென்காசியிலிருந்து மதுரை போகிற பஸ் வந்தது, ஏறினாள். ராஜபாளையம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பின்னால் எந்த மோட்டார் சைக்கிள் முறுக்கினாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கோபுரம் கண்ணில் பட்டதும் கும்பிடக்கூடத் தோன்றாமல் இறங்கி ஓடினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் பெஞ்சில் ஒரு பையன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பாண்டிசெல்வி தன்னோடு கொண்டுவந்து வைத்திருந்த ஒரே ஒரு போட்டோவில் அவன் பார்த்த முகம் அது. என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் கையைக் கூப்பினான்.

"வலி எடுத்து எம்புட்டு நேரமாச்சு, மாப்ளே?" என்றாள் முத்துப்பேச்சி.

மாப்ளே என்ற சொல் ஜெபக்குமாரை உலுக்கிவிட்டது. "விடியக்காலம் அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

நர்ஸ் ஒருத்தி கையில் தாளோடு வெளியே வந்தாள். "பாண்டிசெல்வி கூட இருக்கப் பொம்பளை ஆளு வந்தாச்சா, இல்லையா? காலையில இருந்து கேக்குறேன். நீங்க யாரும்மா?"

"அவளப் பெத்தவ."

நர்ஸ் தாளைப் புரட்டினாள். நெற்றியைச் சுருக்கினாள். "அம்மா, அப்பா ரெண்டு பேரும் இறந்துட்டாங்கன்னு அந்தப் பொண்ணே சொல்லி எழுதியிருக்கே?"

ஜெபக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். முத்துப்பேச்சி தாளையும் பார்த்தாள், நர்ஸையும் பார்த்தாள்.

"சரியாத்தான் எழுதியிருக்கா, தாயி. அவரு இன்னும் எந்திரிக்கல. நான் எந்திரிச்சு வந்துட்டேன்."

நர்ஸ் தாளை மடித்தாள். பிறகு கதவைத் தள்ளிப் பிடித்து வழி விட்டாள். உள்ளே மூன்று கட்டில்களில் மூன்று பெண்கள், மூன்று பேரும் "எம்மா, எம்மா" என்றுதான் கத்திக்கொண்டிருந்தார்கள். முத்துப்பேச்சி யாரையும் கேட்கவில்லை. நேராக நடுக் கட்டிலுக்குப் போய், "வந்துட்டேன்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.